டிவியிலும் வானொலியிலும் நல்ல இடத்தில் இருந்த பிரிட்டிஷ் தொகுப்பாளர் ஃபெர்ன் காட்டன் ஏன் பாட்காஸ்ட் பக்கம் போனார்?

சுருக்கமாகச் சொன்னால், நேரலைதான் காரணம். ஆனால் அதைப் புரிந்துகொள்ள அவர் வந்த வழியைப் பார்க்க வேண்டும்.

1981இல் பிறந்த லண்டன்காரர். பள்ளி வயதிலேயே டிஸ்னி கிளப் என்ற சிறுவர் டிவி நிகழ்ச்சியில் தொகுப்பாளர் ஆகிவிட்டார். அப்புறம் பிபிசியின் குழந்தைகள் நிகழ்ச்சிகள், 'டாப் ஆஃப் தி பாப்ஸ்' என்ற பாப் இசை நிகழ்ச்சி, 2005இல் பிபிசியின் பாப் இசை வானொலியான ரேடியோ 1. அங்கே சக தொகுப்பாளர் ரெஜி யேட்ஸுடன் சேர்ந்து ஞாயிற்றுக்கிழமை தரவரிசைப் பாடல்களையும் தொகுத்தார்.

2009இல் தொகுப்பாளர் ஜோ வைலி இருந்த வாரநாள் முற்பகல் நேரம் இவருக்கு வந்தது, என்னைக் கேட்டால் அவருடைய உச்சம் அதுதான். 'லைவ் லவுஞ்ச்' அந்த நேரத்தில்தான் வரும்: பாடகர் நேரில் வந்து தன் பாட்டு ஒன்றையும் இன்னொருவர் பாட்டு ஒன்றையும் தன் பாணியில் பாடுவார், தொகுப்பாளர் நடுவில் அவரைச் சகஜமாகப் பேசவும் வைக்க வேண்டும், எல்லாம் நேரலையில், வாய் தவறினால் தவறியதுதான், வெட்டி எறிய முடியாது.

2015இல் ரேடியோ 1ஐ விட்டார், பிறகு பிபிசியின் இன்னொரு வானொலியான ரேடியோ 2. நேரலையில் திடீர் பதற்றம் ஆட்கொள்வதையும், மனச்சோர்வோடு போராடியதையும் அவரே வெளிப்படையாகப் பேசியிருக்கிறார். 2018இல் தொடங்கிய 'ஹேப்பி பிளேஸ்' பாட்காஸ்டில் அந்த நெருக்கடி இல்லை; விருந்தினர் யோசிக்க நேரம் எடுக்கலாம், திணறினால் திரும்பவும் சொல்லலாம். பேசுபொருளும் பெரும்பாலும் மனநலம்தான். அதனால் பாட்காஸ்டுக்கு மாறியதைச் சறுக்கல் என்று சிலர் சொல்வதை நான் ஏற்க மாட்டேன்.