புரட்டாசியில் அப்டேட் போடாதீர்கள்

கேள்வி: கடலூர் முதுநகரில் சின்னதாக ஓர் அச்சகம் வைத்திருக்கிறேன். கல்யாணப் பத்திரிகை, நோட்டீஸ் வேலைதான். டிசைன் எல்லாம் 2021-இல் வாங்கிய ஆப்பிள் கம்பெனியின் எம்1 மேக் மினி கம்ப்யூட்டரில் செய்கிறோம். புரட்டாசியில் வேலை இல்லையே என்று புதிதாக வந்த பெரிய அப்டேட்டைப் போட்டேன். பாதியில் கரண்ட் போய்விட்டது. அதிலிருந்து திரையில் வட்டத்துக்குள் ஓர் ஆச்சரியக்குறி மட்டும் வருகிறது. கடையில் காட்டினால், "மதர்போர்டு போச்சு, 34,000 ரூபாய் ஆகும். இந்தக் கம்பெனி சாஃப்ட்வேர் இப்போதெல்லாம் சரியில்லை சார், பேசாமல் விண்டோஸுக்கு மாறிவிடுங்கள்" என்கிறார். ஐப்பசி முகூர்த்தத்துக்குப் பதினோரு பத்திரிகை நிற்கிறது. போர்டை மாற்றவா?

பதில்: வேண்டாம். முதலில் மெஷினைக் கடையிலிருந்து வீட்டுக்கு எடுத்து வாருங்கள்.

ஆச்சரியக்குறி வருகிறது என்றாலே போர்டுக்கு உயிர் இருக்கிறது என்றுதான் பெரும்பாலும் அர்த்தம். செத்த போர்டு திரையில் படம் காட்டாது. கம்ப்யூட்டரை எழுப்பிவிடுவதற்கென்று சிப்புக்குள் ஒரு சின்ன மென்பொருள் இருக்கிறது. பெரிய அப்டேட் அதையும் சேர்த்து மாற்றி எழுதும். எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால், உங்கள் அச்சு மெஷினில் பிளேட் பாதி ஏறியிருக்கும்போது நிறுத்தின மாதிரிதான். மெஷின் கெடவில்லை, பிளேட்டை மறுபடி ஏற்ற வேண்டும், அவ்வளவே.

அதற்கு இன்னொரு மேக் வேண்டும். கடலூரிலோ பாண்டியிலோ ஸ்டுடியோ வைத்திருக்கும் நண்பர் யாரிடமாவது நிச்சயம் இருக்கும். அதில் சோனோமா என்ற மேக் ஓஎஸ் பதிப்போ அதற்குப் பிந்தையதோ இருந்தால், டேட்டா போகக்கூடிய யுஎஸ்பி-சி கேபிளால் இரண்டையும் இணைத்து, மேக்கில் ஃபைல்களைப் பார்க்கும் ஃபைண்டர் வழியாகவே செய்துவிடலாம். தண்டர்போல்ட் 3 கேபிள் ஆகாது. உங்கள் மெஷினில் இதற்கென்று குறிப்பிட்ட ஒரு துளைதான் உண்டு, பவர் பட்டனை அழுத்திக்கொண்டே கரண்ட் பிளக்கைச் சொருக வேண்டும். கைப்பழக்கம் உள்ள ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பல ஜிபி இறங்கும், நல்ல இணையம் இருக்கட்டும்.

இப்போது கவனியுங்கள். அங்கே இரண்டு பட்டன் வரும். ஒன்று 'ரிவைவ்', இன்னொன்று 'ரீஸ்டோர்'. ரிவைவ் ஃபைல்களைத் தொடாது. ரீஸ்டோர் எல்லாவற்றையும் அழித்துவிடும். பல கடைகளில் எடுத்தவுடன் கை போவது ரீஸ்டோருக்குத்தான், ஏனென்றால் அது சீக்கிரம் ஒழுங்காக முடிந்துவிடும். முடிந்த பிறகு "டேட்டா போச்சு சார், அப்டேட்தான் காரணம்" என்பார்கள். ரிவைவ் இரண்டு மூன்று தடவை தோற்ற பிறகுதான் ரீஸ்டோர் பேச்சே.

போர்டை மாற்றுகிறேன் என்பவர் இதைவிடப் பெரிய ஆபத்து. எம்1 மேக் மினியில் கழற்றி எடுக்கிற ஹார்ட் டிஸ்க் கிடையாது. சேமிப்பு போர்டிலேயே பற்றவைத்தது, அதன் பூட்டும் சாவியும் அந்த சிப்பிலேயே. போர்டு போனால் நாலு வருஷ டிசைனும் அதோடு போகும். "டேட்டாவைத் தனியாக எடுத்துத் தருகிறேன், 12,000 ஆகும்" என்று ஒருவர் கிளம்புவார். கழற்றிய போர்டிலிருந்து எப்படி எடுப்பார் என்று கேளுங்கள், பதில் வராது. 'ஓஎஸ் போட' 3,000 கேட்கிறவரிடமும் ஒரு கேள்வி கேட்கலாம்: 2013-இலிருந்து மேக்கின் ஓஎஸ் இலவசம், 3,000 எதற்கு? கூலிக்கு என்றால் கொடுங்கள், சாஃப்ட்வேருக்கு என்றால் எழுந்து வந்துவிடுங்கள். கூகுளில் தேடிக் கிடைத்த 'கஸ்டமர் கேர்' நம்பருக்குப் போன் செய்து, திரையைப் பகிரும் ஆப் ஒன்றைப் போனில் ஏற்றச் சொன்னால் உடனே வையுங்கள். ஏற்கெனவே பணம் போயிருந்தால் சைபர் மோசடிப் புகார் எண் 1930-ஐ அழையுங்கள்.

அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டருக்குப் போகலாமே என்பீர்கள். போகலாம். முதலில் ஒரு காகிதத்தை நீட்டுவார்கள், டேட்டாவுக்கு நாங்கள் பொறுப்பில்லை என்று. கையெழுத்து போட்ட பிறகுதான் மூடியையே திறப்பார்கள். அழிப்பதற்குச் சம்மதம் வாங்க இவ்வளவு ஒழுங்கான படிவம் இருக்கிறது, அழிக்காமல் முயற்சி செய்யச் சொல்ல ஒரு படிவம் கிடையாது. படிவத்தின் ஓரத்தில் 'முதலில் ரிவைவ் மட்டும்' என்று நீங்களே பேனாவால் எழுதிவிடுங்கள். முகம் சுளிப்பார்கள், சுளிக்கட்டும்.

சரி, சாஃப்ட்வேர் மோசமாகிவிட்டது என்கிற பேச்சு. அதில் உண்மை இருக்கிறது. 2017 நவம்பரில், பெயர் இருக்கும் இடத்தில் 'ரூட்' என்று அடித்து பாஸ்வேர்டைக் காலியாக விட்டு ஓரிரு முறை அழுத்தினால், அன்றைய புதிய பதிப்பு போட்ட மேக் திறந்துகொண்டது. மறுநாளே அடைத்தார்கள், ஆனால் அப்படி ஒன்று வெளியே வந்ததே. 2014-இல் யோசமிட்டி என்ற பதிப்பில் நெட்வொர்க் பகுதியைப் புதிதாக எழுதப்போய், வைஃபை தொல்லை தாங்காமல் அடுத்த ஜூனில் பழையதையே திரும்பக் கொண்டுவந்தார்கள். 2024-இல் ஐபேடுக்கு வந்த அப்டேட் சில எம்4 ஐபேடுகளை முடக்க, அதை நிறுத்திவைத்தார்கள். அதற்காக 2009-இன் ஸ்னோ லெப்பர்டை நினைத்துப் பெருமூச்சு விடுகிறவர்களோடும் எனக்கு ஒப்புதல் இல்லை. விருந்தினர் கணக்கில் நுழைந்து வெளியேறினால் சிலருக்குச் சொந்த ஃபைல்களே காணாமல் போனது அந்தப் பதிப்பில்தான்.

வருஷத்துக்கு ஒன்று என்று தேதி குறித்து வெளியிடுகிறார்கள். பழுத்ததா இல்லையா என்று பார்ப்பதில்லை, தேதி வந்தால் பறித்துவிடுகிறார்கள். கடந்த மூன்று பதிப்புகளும், 2023-இல் சோனோமா, 2024-இல் செகோயா, 2025-இல் டஹோ, செப்டம்பர் இரண்டாம் பாதியை ஒட்டியே வந்தன. அதாவது புரட்டாசி பிறக்கும் நேரம். உங்கள் தொழிலில் கை ஓய்ந்திருக்கும் மாதம், அதனால் போட்டீர்கள். ஆனால் அடுத்து ஐப்பசி. கெட்டால் சரிசெய்ய அவகாசம் இல்லை. இனிமேல் மார்கழியில் போடுங்கள். அப்போதும் கல்யாணம் இல்லை. அதற்குள் இரண்டு திருத்தங்கள் வந்து, முதல் ஓட்டைகள் அடைபட்டிருக்கும். அதுவரை பழைய பதிப்புக்கு வரும் பாதுகாப்புத் திருத்தங்களை மட்டும் போட்டுக்கொள்ளுங்கள். அப்டேட்டின்போது யுபிஎஸ் கட்டாயம், மேக் மினிக்குள் பேட்டரி இல்லை.

இத்தனை சொல்லிவிட்டு ஒன்றைச் சொல்லாமல் விட்டால் தப்பு. நீங்கள் இருப்பது முதுநகர், துறைமுகத்துக்குப் பக்கம். அப்டேட்டுக்கு மறுநாள் கெட்டதெல்லாம் சாஃப்ட்வேர் என்று நான் சொல்வது உப்புக்காற்றுக்குப் பொருந்தாது. மேக் மினி உள்ளேயிருக்கும் ஃபேனால் காற்றை இழுத்து வாங்கும். அந்தக் காற்றோடு உப்பு ஈரமும், அச்சகம் என்பதால் காகிதத் தூசியும் போகும், இரண்டும் சேர்ந்து உள்ளே பசை மாதிரி ஒட்டும். அரித்துக்கொண்டிருந்த ஒரு பாகம் சும்மா மெயில் பார்க்கும்போது தாங்கும், ஒரு மணி நேர அப்டேட்டின் சூட்டில் விட்டுவிடும். பழி அப்டேட்டுக்குப் போகும். பின்பக்கத் துளைகளை டார்ச் அடித்துப் பாருங்கள். பச்சையாகவோ வெள்ளையாகவோ பூத்திருக்கிறதா? வேறு பவர் கேபிள் போட்டும் விளக்கே எரியவில்லையா? அப்படியானால் கடைக்காரர் சொன்னது உண்மையாக இருக்கலாம், மன்னிப்பும் கேட்டுக்கொள்ளலாம். ஆனால் அப்போதும் போர்டை மாற்றுவது கடைசி. போர்டைச் சுத்தம் செய்து, கெட்ட பாகத்தை மட்டும் மாற்றத் தெரிந்தவரிடம் காட்டுங்கள், ஃபைல்கள் பிழைக்க அது ஒன்றே வழி. கழற்றிய பழைய பாகத்தைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். உங்கள் மெஷினில் ஆச்சரியக்குறி வருகிறது என்பதால் இது உங்கள் கதை இல்லை என்றே நினைக்கிறேன். இருந்தாலும் டார்ச் அடித்துப் பார்த்துவிடுங்கள்.

நிற்கும் பதினோரு பத்திரிகைக்கு ஒரு யோசனை. பார்ட்டிகளுக்குப் புரூஃப் எதில் அனுப்பினீர்கள்? பிடிஎஃப் ஆக அனுப்பியிருந்தால் அவர்களிடமே திருப்பிக் கேளுங்கள், எழுத்துரு பெரும்பாலும் உள்ளேயே இருக்கும், வேறு கம்ப்யூட்டரிலிருந்து பிளேட் போடலாம். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பியது அச்சுக்கு ஆகாது. அந்தப் பத்திரிகைகளை மறுபடி டைப் செய்ய இன்றே ஆளை உட்கார வையுங்கள்.