சிவப்பு ஜெல் போட்டால் சுவர் ஏன் ரோஸ் ஆகிறது?

கேள்வி: திருப்பாதிரிப்புலியூரில் 20 அடி நீள அறையில் ஸ்டூடியோ வைத்திருக்கிறேன். மஞ்சள் நீராட்டு விழாப் படங்களுக்கு லைட்டின் முன் சிவப்பு ஜெல் (நிறமுள்ள மெல்லிய பிளாஸ்டிக் தாள்) மாட்டி வெள்ளைச் சுவரில் அடித்தால் வெளிர் ரோஸ்தான் வருகிறது. முகத்துக்கு எஃப் 8, சுவருக்கும் எஃப் 8 என்று ஒளி மீட்டரில் அளந்தே எடுக்கிறேன். ஜெல் மட்டமானதா?
- வாசகர், கடலூர்

பதில்: ஜெல்லில் குறை இல்லை. சுவரில் வெளிச்சம் அதிகம். கேமரா நிறத்தைச் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று சேனல்களாகப் பதிகிறது. சிவப்பு ஒளி கூடும்போது சிவப்புச் சேனல் முதலில் நிரம்பிவிடும். அதற்கு மேல் அது ஏற முடியாது. பச்சையும் நீலமும் மட்டும் தொடர்ந்து ஏறுவதால் நிறம் வெளுக்கிறது. வெள்ளைச் சுவரில் அழுத்தமான நிறம் வேண்டுமென்றால், சுவரின் அளவு முகத்தைவிட 2 ஸ்டாப் குறைய வேண்டும்: முகம் எஃப் 8, சுவர் எஃப் 4. (ஒரு ஸ்டாப் குறைந்தால் ஒளி பாதியாகும்; மீட்டர் காட்டும் எஃப் எண் சிறிதானால் ஒளி குறைவு.) சாம்பல் ஸ்க்ரீன் என்றால் சம அளவிலிருந்து 1 ஸ்டாப் குறைவு வரை போகலாம்.

அளக்கும்போது முகத்துக்கு அடிக்கும் மெயின் லைட்டை அணைத்துவிடுங்கள். ஜெல் மாட்டியபடியே பின்னணி லைட்டை மட்டும் எரியவிட்டு, மீட்டரைச் சுவரை ஒட்டிப் பிடித்து, அதன் வெள்ளைக் குமிழை அந்த லைட்டைப் பார்த்துத் திருப்புங்கள்.

பலரும் விட்டுவிடுவது அடுத்த அளவைத்தான். இப்போது பின்னணி லைட்டை அணைத்து, மெயின் லைட்டை மட்டும் அடித்து, சுவரில் அதே இடத்தில் அளந்து பாருங்கள். அங்கே விழும் வெள்ளை ஒளி, ஜெல் ஒளியைவிட 2 ஸ்டாப்பாவது குறைவாக இருக்க வேண்டும். ஜெல் எஃப் 4 என்றால் வெள்ளை எஃப் 2-ஐத் தாண்டக் கூடாது. தாண்டினால் எந்த ஜெல் வாங்கினாலும் ரோஸ்தான்.

அதற்கு வழி தூரம். முகத்துக்கு 3 அடியில் சாஃப்ட்பாக்ஸ் (ஒளியை மென்மையாக்க மெயின் லைட்டில் மாட்டும் துணிப் பெட்டி), முகத்துக்கும் சுவருக்கும் 9 அடி என்று வையுங்கள். சாஃப்ட்பாக்ஸிலிருந்து சுவர் 12 அடி, அதாவது 4 மடங்கு தூரம். ஒளி 16-ல் ஒரு பங்காகி 4 ஸ்டாப் விழும். எஃப் 8 சுவரில் எஃப் 2 ஆகிவிடும். உங்கள் 20 அடியில் இது தாராளமாக நடக்கும். வெள்ளைக் குடை மட்டும் வேண்டாம், நாலா பக்கமும் சிதறும். சாஃப்ட்பாக்ஸுக்கும் சுவருக்கும் நடுவே கறுப்புத் தெர்மாகோல் பலகை ஒன்றை நிறுத்தினால் இன்னும் நல்லது.

அடர் சிவப்பு ஜெல் ஒளியை நிறைய விழுங்கும். லீ நிறுவனத்தின் 106-ம் எண் சிவப்பு ஜெல் சுமார் 9 சதவீதம்தான் விடுகிறது, அதாவது ஏறக்குறைய 3½ ஸ்டாப் இழப்பு. எஃப் 4 எட்டாவிட்டால் அந்த லைட்டின் பவரைக் கூட்டுங்கள், அல்லது சுவருக்கு அருகே நகர்த்துங்கள். கேமராவின் ஐஎஸ்ஓவை (ஒளி உணர்திறனை) கூட்டினால் வெள்ளை ஒளியும் சேர்ந்தே ஏறும். நிறத்துக்கு எந்தப் பலனும் இல்லை.

கேள்வி: அடர் நீல ஜெல்லில் மீட்டர் சொல்வதும் படமும் ஒத்துப்போவதில்லை. மீட்டர் பழுதா?
- வாசகி, முத்தியால்பேட்டை, புதுச்சேரி

பதில்: பழுதில்லை. மீட்டரைச் சரிபார்ப்பது வெள்ளை ஒளியில். குறுகிய நீல ஒளிக்கு மீட்டரின் கண் ஒரு மாதிரியும் கேமராவின் சென்சார் வேறு மாதிரியும் பதில் சொல்லும். வெளிர் ஜெல்களில் இந்த வித்தியாசம் அவ்வளவாகத் தெரியாது. அடர் நீலம், அடர் சிவப்பில் மீட்டர் அளவைத் தொடக்கமாக மட்டும் எடுத்துக்கொண்டு, பின்னணி லைட்டின் பவரை அரை ஸ்டாப் வீதம் மாற்றி 5 படம் எடுங்கள். கேமராவின் ஹிஸ்டோகிராமில் (படத்தின் வெளிச்சத்தைக் காட்டும் வரைபடத்தில்) மூன்று நிறங்களையும் தனித்தனியே பாருங்கள். மொத்த ஹிஸ்டோகிராம் நன்றாகத் தெரியும்போதே நீலச் சேனல் வலது ஓரத்தில் முட்டி நிற்கும். முட்டாத படத்துக்கும் மீட்டர் அளவுக்கும் உள்ள வித்தியாசத்தை அந்த ஜெல்லின் எண்ணோடு எழுதி வைத்தால், அடுத்த முறை இந்தச் சோதனை தேவைப்படாது. கேமராவின் வொயிட் பேலன்ஸ் (வெள்ளையை வெள்ளையாகக் காட்டும் நிற அமைப்பு) 5500 கெல்வினில் நிற்கட்டும். ஆட்டோவில் படத்துக்குப் படம் நிறம் மாறும்.

கேள்வி: பரிசுப் பொருள் சுற்றும் கலர் தாளை ஜெல்லாகப் பயன்படுத்தலாமா?
- வாசகர், நெல்லிக்குப்பம்

பதில்: கையடக்க ஃப்ளாஷில் பழகிப் பார்க்கலாம். ஹாலஜன் மாடலிங் விளக்கு (ஃபோகஸ் பார்க்கத் தொடர்ந்து எரியும் பல்பு) உள்ள ஸ்டூடியோ லைட்டில் வேண்டாம், அந்தச் சூட்டில் தாள் சுருங்கி உருகும். எத்தனை சதவீதம் ஒளி விடுகிறது என்ற கணக்கும் அதற்குக் கிடையாது. நல்ல ஜெல்லையும் பல்பை ஒட்டி வைக்காமல் பார்ன்டோரில் (லைட்டின் முன் உள்ள மடக்குத் தகடுகளில்) கிளிப் போட்டு இடைவெளியோடு மாட்டுங்கள். ஃபோகஸ் முடிந்ததும் மாடலிங் விளக்கை அணைத்துவிடுங்கள். ஜெல்லின் வெளுப்பு நடுவில்தான் தொடங்கும். அவ்வப்போது வெள்ளைத் தாள்மேல் விரித்து, நடுவையும் ஓரத்தையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.