பழைய வளையல், அறுந்த மாலையை வைத்து அதிகச் செலவில்லாமல் புது நகை செய்ய முடியுமா?

முடியும். முதலில் கைவைக்க ஏற்றது பழைய பிளாஸ்டிக் வளையல்தான். அதன் மேல் சில்க் த்ரெட் சுற்றி, அறுந்த நெக்லஸில் இருக்கும் கல் சங்கிலியை ஒட்டினால் புடவைக்குப் பொருத்தமான வளையல் கிடைத்துவிடும். காசு கொடுத்து வாங்க வேண்டியது நூலும் ஃபேப்ரிக் க்ளூவும் மட்டுமே. (பெயர்தான் சில்க். கடையில் கிடைப்பது பெரும்பாலும் ரேயான் அல்லது பாலியஸ்டர்.)

வெளிப்பக்கம் தட்டையான வளையலாக எடுங்கள். உருண்டை வளையலில் கல் நிற்காது. கண்ணாடி வளையல் வேண்டாம், இழுத்துச் சுற்றும்போது உடையும். இரும்பு வளையலில் துரு நூலுக்கு ஏறிவிடும். ஜிகினா உதிரும் வளையலை உப்புத்தாளால் தேய்த்து, சோப்புப் போட்டுக் கழுவிக் காயவையுங்கள். அகல வளையல் வேண்டுமென்றால் ஒரே அளவில் இரண்டை ஒட்டி, மேலே பேப்பர் டேப் சுற்றுங்கள். செலோ டேப்பில் நூல் வழுக்கும். நூல் சுற்றினால் உள்ளளவு சற்றுக் குறையும். கைக்கு ஏற்கெனவே இறுக்கமாக இருக்கும் வளையலை ஒதுக்கிவிடுங்கள்.

1 செ.மீ. அகலமுள்ள, 2-6 அளவு (உள்விட்டம் சுமார் 6 செ.மீ.) வளையலுக்கு, 2 மீட்டர் நீளத்தில் 25 இழை எடுத்து ஒரு நுனியில் முடிச்சுப் போடுங்கள். மொத்தம் 50 மீட்டர் நூல் போகும். இழைகளை ஈரவிரலால் நீவிப் பட்டையாக்க வேண்டும். முறுக்கிக்கொண்டால் கயிறுபோல் தடித்து, பளபளப்பே போய்விடும்.

பலருக்கும் கெடுகிற இடம் சுற்றும் கட்டம்தான். வளையலின் வெளிச்சுற்று உட்சுற்றைவிட ஒரு சென்டிமீட்டருக்கு மேல் நீளம். அதனால் உள்ளே நூல் நெருக்கமாக விழும்போதே வெளியே பிளாஸ்டிக் எட்டிப்பார்க்கும். உள்ளே பார்த்துக்கொண்டு சுற்றாதீர்கள். கண் வெளிப்பக்கத்தில் இருக்கட்டும். ஒவ்வொரு சுற்றும் முந்தைய பட்டையில் பாதியை மூடவேண்டும். உட்புறம் தானாக நெருங்கிக்கொள்ளும். நான்கு விரற்கடைக்கு ஒருமுறை, உட்பக்கத்தில் மட்டும், கடுகளவு பசை போதும். கூடினால் பசை நூலில் ஊறி வெளியே கறுத்த திட்டாகத் தெரியும். அதைப் போக்க வழியில்லை, அவிழ்த்துத்தான் சுற்றவேண்டும். நுனியையும் உட்புறத்திலேயே ஒட்டி முடித்து, ஒரு இரவு காயவிடுங்கள்.

கல் சங்கிலி சுமார் 20 செ.மீ. தேவைப்படும். நூலில் மெல்லிய கோடாகப் பசை தடவி, இடுக்கியால் பிடித்து வைத்து அழுத்துங்கள். அவசரத்துக்கு இன்ஸ்டன்ட் பசையைத் தொடாதீர்கள். நூல் விறைத்துப்போகும், கல்லைச் சுற்றி வெள்ளையாகப் பூக்கும்.

மாலையில் மீதமிருக்கும் மணிகளைத் தூண்டில் நரம்பில் கோக்கவேண்டாம். நாளடைவில் நீளும், முடிச்சும் நழுவும். கியர் ஒயரில் (பிளாஸ்டிக் பூசிய மெல்லிய எஃகுக் கம்பி) கோத்து, இரு முனையிலும் கியர் லாக்கை (கம்பியை இறுக்கிப் பிடிக்கும் சின்ன உலோக மணி) குறடால் நசுக்குங்கள். கொக்கி மாட்டும் ஜம்ப் ரிங்கை (வாய் பிளந்த சின்னக் கம்பி வளையம்) திறக்கும்போது வாயை இரண்டு பக்கமும் அகட்டாமல், ஒரு முனையை முன்னும் மறுமுனையைப் பின்னுமாகத் திருப்புங்கள். அகட்டித் திறந்த வளையம் பழையபடி வட்டமாகச் சேராது, அந்த இடைவெளி வழியாகத்தான் மாலை மறுபடியும் கழன்று விழும்.