கடைசி இலக்கம் ஏன் ஒற்றைப்படையாக வருவதில்லை?

கேள்வி: ஒரு மென்பொருளின் பதிவில் நேரம் 10 இலக்க எண்ணாக இருக்கிறது, விண்டோஸ் பக்கத்திலிருந்து வருவது 18 இலக்கம். இப்போதைய நேரத்தை இரண்டு வடிவத்திலும் காட்ட பைத்தானில் ஒரு ஸ்கிரிப்ட் எழுதினேன். பல மணி நேரம் தள்ளிக் காட்டுகிறது. அது போக, 18 இலக்க எண்ணின் கடைசி இலக்கம் ஒருமுறைகூட ஒற்றைப்படையாக வரவில்லை. என்ன தப்பு?

பதில்: இரண்டாவதைக் கவனித்தீர்களே, சபாஷ்! பலர் அதைப் பார்ப்பதே இல்லை.

10 இலக்கம் யூனிக்ஸ் நேரம், அதாவது 1970 ஜனவரி 1 யுடிசி (உலகப் பொது நேரம்) நள்ளிரவிலிருந்து ஓடிய விநாடிகள். விண்டோஸ் 1601 ஜனவரி 1-லிருந்து எண்ணுகிறது, அதுவும் விநாடியில் ஒரு கோடியில் ஒரு பங்காக (கிரிகோரியன் நாட்காட்டியின் 400 ஆண்டுச் சுற்று ஒன்று அங்கேதான் தொடங்குகிறது, கணக்குக்கு வசதி). இரண்டு தொடக்கத்துக்கும் இடைவெளி 11644473600 விநாடி. இதைக் கூட்டி ஒரு கோடியால் பெருக்கியிருப்பீர்கள். சூத்திரம் சரிதான்.

ஆனால் இப்போதைய நேரத்தைக் கேட்கும் பைத்தான் அழைப்பான ‘டைம்.டைம்’ தருவது தசம எண், ஃப்ளோட். அதில் 53 பிட் அளவுக்குத்தான் துல்லியம், 18 இலக்கத்துக்கு அது போதாது என்பதால் இன்றைய தேதிக்கு விடை எப்போதும் 16-இன் மடங்காகவே போய் உட்காரும், வேண்டுமானால் வகுத்துப் பாருங்கள். ஃப்ளோட்டையே தொடாமல் ‘டைம்_என்எஸ்’ கூப்பிடுங்கள், பைத்தான் 3.7-இலிருந்து இருக்கிறது, நானோவிநாடியை முழு எண்ணாகவே தரும். அதை 100-ஆல் வகுத்து 116444736000000000 கூட்டினால் முடிந்தது. வகுக்கும்போது இரட்டைச் சாய்கோடு போடுங்கள், ஒற்றைக்கோடு போட்டால் மறுபடி ஃப்ளோட்!

அப்புறம் அந்த மணிக்கணக்கு. நீங்கள் ‘யுடிசிநவ்’ எடுத்து அதன்மேல் ‘டைம்ஸ்டாம்ப்’ போட்டிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். ‘யுடிசிநவ்’ தரும் நேரத்தில் எந்த நேர மண்டலம் என்ற குறிப்பே கிடையாது, ஆகவே பைத்தான் அதை உங்கள் கணினியின் உள்ளூர் நேரம் என்று எடுத்துக்கொண்டு இன்னொருமுறை யுடிசிக்கு மாற்றுகிறது. பைத்தான் 3.12-இல் ‘யுடிசிநவ்’வைக் கைவிடச் சொல்லிவிட்டார்கள். ‘நவ்’ அழைப்புக்குள் யுடிசி மண்டலத்தைக் கொடுத்துவிட்டால் தொல்லை இல்லை.

13 இலக்கம் எங்காவது கண்ணில் பட்டால் அது மில்லிவிநாடி, ஜாவாஸ்கிரிப்ட் அப்படித்தான் தரும், 1000-ஆல் வகுத்துவிடுங்கள். 17 இலக்கம்? பெரும்பாலும் குரோமின் உள்பதிவு: தொடக்கம் அதே 1601, அலகு மட்டும் மைக்ரோவிநாடி.