குளத்துக்கு மேலே பாருங்கள்: வன்னிக் காணிகள் பற்றிய கேள்வி பதில்

எந்தக் காணி எதற்குப் பயன்படுகிறது என்று பார்க்கும் காணிப் பயன்பாட்டு ஆய்வால், இலங்கையின் வடக்கிலுள்ள வன்னிச் சனத்துக்கு என்ன பயன்? இதைச் சுற்றி வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

கேள்வி (கமக்காரர், ஒட்டுசுட்டான்): சேர், எங்கள் குளக்கட்டைத் திருத்தித் தந்தார்கள், வயலுக்குத் தண்ணீர் திறக்கும் துருசும் புதிது. அப்படியிருந்தும் கோடையில் செய்யும் சிறுபோகத்துக்குத் தண்ணீர் காணாது. ஆய்வு செய்து என்ன வரப்போகிறது?

பதில்: கட்டைப் பார்த்தார்கள், துருசைப் பார்த்தார்கள், சரி. குளத்துக்குத் தண்ணீர் தரும் மேற்பக்கத்தை யாராவது பார்த்தார்களா, ஐயா? வன்னிக்குப் பெருமழை ஒக்டோபரில் தொடங்கி ஜனவரியோடு ஓய்ந்துவிடும். நீரேந்து பகுதியில் காடு வெட்டிக் கிரவலும் தோண்டினால், அந்த மழை மண்ணையும் அள்ளிக்கொண்டு குளத்துக்குள் இறங்கும். அடி மேடாகும், குளம் கொள்ளும் தண்ணீர் குறையும். மண்ணுக்குள் இறங்காத நீர் ஒரேயடியாக ஓடிவருவதால் மாரியில் வெள்ளமும் கோடையில் வரட்சியும் ஒரே ஊருக்கே வருகின்றன.

நீங்களே சோதித்துப் பார்க்கலாம். முதல் மழைக்குக் குளத்தில் விழும் ஓடைகளில் ஒவ்வொரு போத்தல் தண்ணீர் எடுத்து, ஓர் இரவு அசையாமல் வையுங்கள். காட்டுக்குள்ளால் வரும் ஓடையின் போத்தலிலும், வெட்டவெளியால் வருவதன் போத்தலிலும் அடியில் எத்தனை விரற்கடை மண் படிகிறது என்று பாருங்கள். எந்தப் பக்கம் முதலில் மரம் நட வேண்டும் என்பது அதிலேயே தெரியும். இன்னொன்று, ஒரு குளம் நிரம்பி வழியும் வான் தண்ணீர்தான் கீழ்க்குளத்துக்குப் போகிறது. ஆகவே பிரதேச செயலக எல்லையோடு ஆய்வை நிறுத்தாமல், குளத்தொடர் முழுவதையும் ஒன்றாகப் படிக்க வேண்டும்.

கேள்வி (மாணவி, கிளிநொச்சி): செய்மதிப் படம்தான் இலவசமாகக் கிடைக்கிறதே, அது போதாதா?

பதில்: தொடங்கப் போதும், தங்கச்சி. லாண்ட்சாட் படங்கள் 2008 இலிருந்து இலவசம், 1980களின் படங்களையும் எடுக்கலாம். 2015 இல் ஏவிய சென்டினல்-2 பத்து மீற்றர் அளவுக்குத் தெளிவாகக் காட்டும். ஆனால் வன்னியில் படத்தை மட்டும் நம்பினால் அநியாயம் நடந்துவிடும். யுத்தத்தில் சனம் இடம்பெயர, வயல்கள் வருடக்கணக்காகத் தரிசாகக் கிடந்தன. பற்றை மூடி மரமும் எழும்பிவிட்டது. மேலிருந்து பார்த்தால் எல்லாம் பச்சை, வரைபடத்தில் காடு என்று ஏறிவிடும். உள்ளே நடந்து போனால் காலில் வரம்பு தட்டும், தூர்ந்த கிணறு ஒன்று இருக்கும், யாரோ வைத்த மாமரம் நிற்கும். 2009க்குப் பிறகு மீள்குடியேறிய பலர், தங்கள் வயல் வன எல்லைக்கல்லுக்குள் போய்விட்டதென்று இன்றும் மாவட்டச் செயலகமான கச்சேரிக்கு அலைகிறார்கள். நில அளவைத் திணைக்களத்தின் பழைய வரைபடம், காணிப் பெர்மிற், ஊர்ப் பெரியவர்களின் சாட்சி, இவற்றைப் படத்தோடு சேர்த்துப் பார்க்காததை ஆய்வென்று நான் ஏற்கமாட்டேன்.

கேள்வி (இளைஞர், மாங்குளம்): காடும் வேண்டும் என்கிறீர்கள். காணியில்லாத நாங்கள் எங்கே போவது?

பதில்: நியாயமான கேள்வி, தம்பி. பாலையும் வீரையும் முதிரையும் நிற்கும் முதிர்ந்த காட்டிலும், குளங்களின் நீரேந்து பகுதியிலும் கை வைக்கக்கூடாது. யானையின் வழியை மறித்தால் அது ஊருக்குள்தான் வரும். ஆனால் அப்படிப் பற்றை மூடிய பழைய வயல்கள் இருக்கின்றனவே, முதலில் அவற்றை உரியவர்களிடம் கொடுக்க வேண்டும். பிறகு, கைவிடப்பட்ட மேட்டுக்காணிகளைக் காணியற்றவர்களுக்குப் பகிரலாம். எது காடு, எது பழைய வயல் என்று பிரித்துக் காட்டுவதுதான் ஆய்வின் வேலை.

கேள்வி (புதுக்குடியிருப்பு): மணல்பாங்கான மேட்டுக்காணியில் நெல் போடலாமா?

பதில்: வேண்டாம் அக்கா, தண்ணீர் நிற்காது. கச்சான் (நிலக்கடலை) போடுங்கள், ஓரத்தில் மரமுந்திரிகை வையுங்கள். நெல்லுக்கு முருங்கன் பக்கத்துக் களிமண் போல நீரைப் பிடிக்கும் மண் வேண்டும். கடற்கரைக்குக் கிட்ட என்றால் மோட்டரால் அளவுக்கு மிஞ்சி இறைக்காதீர்கள், கிணறு உவராகிவிடும்.

கேள்வி (கமக்காரர் அமைப்பு, முருங்கன்): படித்தவர்கள் வந்து கேட்டு எழுதிக்கொண்டு போகிறார்கள். முடிவு எங்களுக்கு வருவதேயில்லை.

பதில்: உங்கள் கோபம் சரியானது. இனி வருபவரிடம் முதலே கேளுங்கள்: விதைப்புக்கு முந்திய பயிர்ச்செய்கைக் கூட்டத்தில் முடிவைத் தமிழில் சொல்வீர்களா? எத்தனை ஏக்கர் விதைப்பது, எப்போது துருசு திறப்பது என்று முடிவாகும் இடம் அதுதான். நீங்களும் ஒரு கொப்பி வைத்திருங்கள். வான் பாய்ந்த தேதி, வாரம் ஒருமுறை குளத்தில் எத்தனை அடி தண்ணீர் நிற்கிறது, விதைத்த ஏக்கர், அழிந்த ஏக்கர் எல்லாவற்றையும் எழுதுங்கள். செய்மதிப் படம் மட்டும் முழுதாகத் தராத கணக்கு அது. கேட்டு வருபவருக்குப் பிரதி கொடுங்கள், கொப்பியை மட்டும் கொடுக்காதீர்கள்.