மணலில் சைக்கிள் ஓடுமா?

கேள்வி: எகிப்தின் சீவா பாலைவனச் சோலையைச் சைக்கிளிலேயே சுற்றிப் பார்த்துவிடலாம் என்கிறார்களே, மணலில் சைக்கிள் எப்படி ஓடும்? தனியாகப் போக நினைக்கிறேன்.
– ஒரு வாசகி

பதில்: மணலில் ஓடாது. ஓட்டவும் வேண்டாம். சோலைக்கு உள்ளே இருப்பது கெட்டிப்பட்ட மண்பாதையும் கொஞ்சம் தார்ச்சாலையும்தான். சீவா, கடல் மட்டத்தைவிட ஏறக்குறைய 20 மீட்டர் தாழ்ந்த ஒரு பள்ளம். தரை சமமாக இருப்பதால், மிதித்தே பழக்கமில்லாதவர்கூட ஓட்டிவிடலாம்.

சைக்கிள் ஊர் நடுவிலேயே வாடகைக்குக் கிடைக்கும். பிரேக்கையும் சங்கிலியையும் பார்த்த பிறகே பணம் கொடுங்கள். எனக்கு வாய்த்த சைக்கிளில் மணியைத் தவிர எல்லாம் சத்தம் போட்டது.

முதலில் கிழக்கே திரும்புங்கள். பேரீச்சை, ஒலிவத் தோப்புகளுக்கு நடுவே சுமார் 4 கிலோமீட்டர் போனால் அகுர்மி கிராமம். குன்றின் மேல் பண்டைய எகிப்தியக் கடவுளான அமோனின் கோயில் இருக்கிறது. அருகிலேயே இன்னொரு அமோன் கோயிலின் ஒற்றைச் சுவர் நிற்கும். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் கட்டடக் கல்லுக்காக அதை வெடிவைத்துத் தகர்த்துவிட்டார்கள். கிரேக்கரும் ரோமரும் விட்டுவைத்த கோயில் அது! நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது.

மாலையில் மேற்கே, ஏரிக்கரையிலுள்ள ஃபத்னாஸ். ஏரி என்றதும் குடிக்கலாம் என்று எண்ணாதீர்கள். நிலத்தடியிலிருந்து பொங்கும் ஊற்றுநீர் வயல்களில் பாய்ந்தபின், பள்ளத்தைவிட்டு வெளியேற வழியில்லை; ஏரியில் தேங்கி, ஆவியாகி, உப்பை விட்டுச்செல்கிறது. அந்த உப்பையும் மண்ணையும் சேர்த்துத்தான் 13ஆம் நூற்றாண்டில் ஷாலி கோட்டையைக் கட்டினார்கள். மழை அபூர்வமான ஊரில் அது நல்ல கணக்குதான். 1926இல் மூன்று நாள் கொட்டிய மழை கணக்கைக் கெடுத்தது. சுவர்கள் கரைந்து சரிந்தன, மக்கள் வெளியேறினார்கள். ஷாலிக்குள் சைக்கிள் ஏறாது, நடந்துதான் பார்க்க வேண்டும்.

தெற்கே மணல்மேடுகள் உங்களைக் கூப்பிடும். அங்கே ஜீப்பும், அனுமதியும், வழிகாட்டியும் வேண்டும். மத்தியதரைக் கடலோர நகரமான மர்சா மத்ரூவிலிருந்து வரும் 300 கிலோமீட்டர் சாலையையும் பஸ்ஸுக்கே விட்டுவிடுங்கள். வழியெல்லாம் வெறும் பாலை. நவம்பர் முதல் பிப்ரவரிவரை நல்ல காலம். கோடையில் போனால், விடிந்து இரண்டு மணி நேரத்துக்குள் சைக்கிளை நிழலில் சாத்திவிட வேண்டும். தண்ணீரை நினைப்பதைவிட இரு மடங்கு எடுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: அங்குள்ள கிளியோபாட்ரா ஊற்றில் அந்த ராணி குளித்தது உண்மையா?
– அதே வாசகி

பதில்: ஆதாரம் இல்லை. அலெக்சாண்டர் சீவாவுக்கு வந்தது உண்மை: கி.மு. 331இல், அமோன் கோயிலில் குறி கேட்க. நீங்கள் ஊற்றில் இறங்குவதாக இருந்தால் முழு ஆடையோடு இறங்குங்கள், ஊர் கட்டுப்பாடானது. ஈரத்துணியோடு மிதிப்பது பெரும்பாடு, ஆகவே மாற்றுத்துணி ஒன்றைக் கூடையில் போட்டுக்கொள்ளுங்கள்.