தகட்டுக்கு வரி இருக்கும்போது கீலுக்கும் வரி கேட்பது சரியா?

இறக்குமதியாகும் உருக்குக்கும் அலுமினியத்துக்கும் வரி விதித்த பிறகும், அவற்றால் செய்த பொருள்களையும் அதில் சேர்க்கச் சொல்லி அமெரிக்கத் தொழிற்சாலைகள் ஏன் கேட்கின்றன, நமக்கும் அது வேண்டுமா என்று உங்கள் சங்கத்தின் சார்பில் கேட்டிருக்கிறீர்கள். திருநெல்வேலி பேட்டையில் கதவுக் கீல் அடிக்கும் சிறு பட்டறை நடத்துகிறவன் என்பதால், கீலை வைத்தே சொல்கிறேன்.

நான்கு அங்குலக் கீலின் அடக்க விலையில் பெரும்பங்கு உருக்குத் தகட்டின் விலைதான். பவர் பிரஸ்ஸில் வெட்டி, காது சுருட்டி, துளையிட்டு, கம்பி செருகும் கூலி அதற்கு மேல் வருவது. தகட்டுக்கு மட்டும் வரி விதித்தால் உள்ளூர்க் கீலின் விலை ஏறும். வெளிநாட்டில் மலிவான தகட்டில் அடித்த கீலோ, தகடு என்ற பெயரில் வராததால், அந்த வரியைத் தொடாமலே உள்ளே வந்துவிடும். அமெரிக்காவில் நடந்தது இதுதான். அங்கே 2018-இல் உருக்குக்கு 25, அலுமினியத்துக்கு 10 விழுக்காடு வரி வந்தது. 2020-இல் ஆணியும் வாகன பம்பர் பாகங்களும் சேர்ந்தன. 2025 ஜூனில் வரி 50 விழுக்காடானது. அந்த ஆண்டு மே மாதம் முதல், இன்னின்ன பொருளையும் சேருங்கள் என்று உற்பத்தியாளர்களும் அவர்களின் சங்கங்களும் விண்ணப்பிக்க ஆண்டுக்கு மூன்று தவணை ஏற்படுத்தினார்கள். பொருளுக்குச் சுங்கத்துறை தரும் குறியீட்டு எண்ணோடு, அந்த இறக்குமதி தேசப் பாதுகாப்புக்கு எப்படிக் கேடு என்றும் விண்ணப்பத்தில் காட்ட வேண்டியிருந்தது. (சிரிக்க வேண்டாம், இந்த வரிக்கு அடிப்படையான 1962-ஆம் ஆண்டு அமெரிக்கச் சட்டம் கேட்பதே அதைத்தான்.) மறுப்புச் சொல்ல 14 நாள், முடிவுக்கு 60 நாள். அப்படி ஆகஸ்டில் ஒரே வீச்சில் 407 குறியீடுகள் உள்ளே போயின.

இந்த ஏணிக்கு உச்சிப்படி கிடையாது. கீலைச் சேர்த்தால் கதவு செய்கிறவர் கேட்பார், அவருக்குப் பின் அலமாரிக்காரர் வருவார். ஆனாலும் கேட்பவரை நான் குறை சொல்ல மாட்டேன், ஏனென்றால் கீழ்ப்படியில் வரி வைத்தது அவர் அல்லர்.

நம் நாட்டிலும் 2025 ஏப்ரலில் தட்டையான உருக்குப் பொருள்களுக்கு 12 விழுக்காடு தற்காலிகப் பாதுகாப்பு வரி விதித்தார்கள். அது பெரிய ஆலைகள் கேட்டுப் பெற்றது. அதன் பின் எங்கள் தகட்டு வியாபாரி சொன்ன விலையைக் கேட்டு, ஏற்கெனவே ஒப்புக்கொண்ட ஓர் ஆர்டரைக் கூலிகூடக் கட்டாமல் முடித்துக் கொடுத்தேன். தூத்துக்குடித் துறைமுகம் இங்கிருந்து ஒரு மணி நேரத் தொலைவு. அட்டைப்பெட்டியில் வரும் கீலுக்கு அந்தப் பாதுகாப்பு வரி இல்லை.

ஆகவே உங்கள் சங்கம் மனு எழுதுவதானால், ‘உலோகப் பொருள்கள் அனைத்தும்’ என்று பொதுவாக எழுதாமல், நீங்கள் செய்யும் பொருளின் எட்டு இலக்கக் குறியீட்டைக் குறிப்பிட்டு, அதில் தகட்டின் பங்கு எவ்வளவு என்று கிலோக் கணக்கில் காட்டுங்கள். கூடவே, தகட்டு வரியைக் குறைத்தாலும் எங்களுக்குப் போதும் என்று ஒரு வாக்கியம் சேர்த்துவிடுங்கள்.